அவள் மட்டும் தெளிவாக

அந்த லென்ஸை முதலில் பார்த்தது ஷியோரிதான். ஆனால் முதலில் தொட்டது அவன்.

ஷின்ஜுகுவில் ஒரு பெரிய கடையின் எட்டாவது மாடியில் பழைய கேமராச் சந்தை நடந்துகொண்டிருந்தது. வெளியே ஜூன் மாத மழை. கதவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே கூட்டம் மொய்த்துவிட்டது. மூலையில், 'பழுது இருக்கலாம், திரும்பப் பெற மாட்டோம்' என்று எழுதி ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் மூடி இல்லாத லென்ஸ்கள் உருளைக்கிழங்கு போலக் குவிந்து கிடந்தன.

அடியில் கிடந்தது அது. கறுத்த உலோக உடம்பு... ஓரத்தில் தேய்ந்துபோன ரஷ்ய எழுத்துகள்... மரை சுற்றிப் பொருத்துகிற பழைய வகை. நடுவில் இருப்பதை மட்டும் தெளிவாக வைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் இலை, விளக்கு, மழைத்துளி எல்லாவற்றையும் வட்டமாகச் சுழல விடும் லென்ஸ். செய்தவர்களுக்கு அது ஒரு குறை. ஷியோரியைப் போன்ற கிறுக்குகளுக்கு அதுதான் மயக்கம்.

எத்தனை நாளாகத் தேடியது... கண்ணில் பட்ட சந்தோஷத்தை ஒரு நொடி ருசித்துவிட்டு எடுக்கலாம் என்று நினைத்தாள். அந்த ஒரு நொடியில் நீளமான ஐந்து விரல்கள் வந்து அதைப் பற்றின. அவள் விரல்கள் அவற்றின் மேல் விழுந்தன.

"நான்தான் முதல்ல பார்த்தேன்," என்றாள்.

"நான்தான் முதல்ல தொட்டேன்."

"பார்க்காம எப்படித் தொட்டீங்க?"

"பார்த்துட்டு ஏன் தொடாம நின்னீங்க?"

நிமிர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்... அந்தக் கண்களைப் பார்த்ததும் கையை எடுத்திருக்க வேண்டும். எடுக்கத் தோன்றவில்லை.

கடைக்காரர்தான் வழக்கைத் தீர்த்தார். கல், கத்தரி, காகிதம் போட்டுப் பாருங்கள் என்றார். முதல் தடவை இருவரும் கல். இரண்டாவது தடவையும் கல். மூன்றாவது தடவை ஷியோரி, கல்லை மூடிவிடும் காகிதமாக உள்ளங்கையை விரித்தாள். அவன் அப்போதும் கல்லையே நீட்டினான்.

ஜெயித்த சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்தால் அவளுடைய தெத்துப்பல் வெளியே தெரியும். அதனால் பொதுவாக வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். இன்று மறந்துவிட்டாள். அவன் தோற்ற வருத்தம் துளியும் இல்லாமல் அந்தப் பல்லையே பார்த்தான்.

"அதைச் சரி பண்ணச் சொல்லி யார்கிட்டயும் போயிடாதீங்க," என்றான்.

சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. முன்பின் தெரியாத பெண்ணின் பல்லைப் பற்றிப் பேச இவன் யார்... முறைத்தாள். அவன் பதறிப்போய், தான் செயற்கைப் பல் செய்கிறவன் என்றும், பல் மருத்துவர்களுக்காக நாள் முழுக்க வரிசை பிசகாத பற்களையே செய்து அலுத்துப்போனவன் என்றும், அதனால் வாய் தவறிவிட்டது என்றும் சொல்லி, இடுப்பை வளைத்து மன்னிப்புக் கேட்டான். கூட்டம் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வளைந்தான். அவளுக்குக் கோபமும் வந்தது... சிரிப்பும் வந்தது.

பணம் கட்டிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதே பொறுமை இல்லாமல் லென்ஸைத் தன் கேமராவில் சுற்றிப் பொருத்தினாள். ஃபோகஸ் வளையம் அசையவே இல்லை. உள்ளே பூசிய பசை காலப்போக்கில் இறுகிப்போயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். ம்ஹும்.

பின்னால் நின்றிருந்தவன் தொண்டையைச் செருமினான். அவன்தான்.

"நான் பிரிச்சுத் துடைச்சுத் தர்றேன். கூலி வேண்டாம். சரியானதும் ஒரு வாரம் உங்ககிட்ட இருக்கட்டும், ஒரு வாரம் என்கிட்ட. சரியா?"

தோற்றவன் பாதி லென்ஸை இப்படி வாங்கிக்கொள்கிறானே என்று இருந்தது. ஆனாலும் தலையாட்டினாள். லென்ஸுக்காகத்தான்... வேறு எதற்காகவும் இல்லை.

அவன் பெயர் குவாஹாரா ரியோஹெய். அவள் ஹினோ ஷியோரி. புதிதாகப் பழகுகிற எல்லோரையும் போல ஒருவருக்கொருவர் 'குவாஹாரா சான்', 'ஹினோ சான்' என்று குடும்பப் பெயரோடு மரியாதைக்குச் 'சான்' சேர்த்தே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

லென்ஸை அவன் சரிசெய்து கொண்டுவந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு நிறம் வந்தது.

கிச்சிஜோஜியில், பூங்காவுக்குப் போகும் இறக்கத்தில் ஒரு பழைய காபிக்கடை. அங்கேதான் லென்ஸ் கைமாறும். முட்டை சாண்ட்விச் ஒன்றை வாங்கி இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். அவள் கவகுச்சியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் விலை அட்டைகளைக் கையால் எழுதும் வேலை பார்த்தாள். வாரம் முழுக்கக் கத்தரிக்காய்க்கும் கானாங்கெளுத்திக்கும் வண்ண வண்ணமாக எழுத்து வரைவதைப் பற்றி அவள் சொன்னால், அவன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பான்.

பிறகு இருவரும் பூங்காவுக்குப் போவார்கள். இருவருடைய கேமராவுக்கும் ஒரே மரை என்பதால், அந்த ஒரு லென்ஸ் மட்டுமில்லை, எல்லா லென்ஸ்களும் கைமாறின. அவனிடம் வயதாகி மஞ்சள் படிந்த ஒன்று இருந்தது. அதில் எடுத்த படங்கள் எல்லாம் பார்லி டீயில் ஊறிய மாதிரி இருக்கும். அவளிடம் உள்கண்ணாடி மங்கிய ஒன்று. எந்த விளக்கை எடுத்தாலும் சுற்றிலும் ஒளிவட்டம் கட்டும். அவன் அதற்குக் 'கண்புரை' என்று பெயர் வைத்தான். லென்ஸை அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது உலோகம் வெதுவெதுப்பாக இருக்கும். அவள் உடனே கேமராவில் பொருத்தமாட்டாள். கொஞ்ச நேரம் உள்ளங்கைக்குள்ளேயே வைத்துக்கொள்வாள்... ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அஜிசாய்ப் பூக்கள் நீலமாகப் பூத்துக் குலுங்கிய ஒரு மழை நாளில், பாலத்தின் மேல் அவளை நிற்கச் சொல்லி அவன் கேமராவைத் தூக்கினான். வளையத்தை முன்னும் பின்னும் திருகினான். மறுபடி திருகினான். குடைக்கு வெளியே நின்றதில் அவன் முதுகு முழுக்க நனைந்துவிட்டது. இவ்வளவு நேரம் ஒருவன் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தப் படம் எப்படி வந்திருக்கிறது என்று பிறகு கேட்டாள். பிலிம் இன்னும் முடியவில்லை என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபிக்கடையில் அவன் ஒரு கவரை மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனான். கவரின் வாய் திறந்திருந்தது. படங்களின் ஓரங்கள் தெரிந்தன.

பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் விரல் கேட்கவில்லை.

மேலே இருந்தது ஒரு பெண்ணின் படம். அடுத்ததும் அவள்தான். அதற்கு அடுத்ததும்... குட்டையாக வெட்டிய முடி, நீண்ட கழுத்து, நேராகக் கேமராவைப் பார்க்கும் கண்கள். பின்னால் மரங்களின் இலைகள் எல்லாம் அவளைச் சுற்றி வட்டமாகச் சுழன்றுகொண்டிருந்தன. ஷியோரி எட்டாவது மாடிக் கூடையிலிருந்து ஜெயித்து எடுத்த லென்ஸின் சுழல் அது. அதன் நடுவில் அந்தப் பெண், இமை முடி ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவாக நின்றாள்.

அந்தக் கண்களைப் பார்த்தால் ஷியோரிக்குப் புரியாதா என்ன... படம் எடுக்கிறவனைப் பிடிக்காமல் ஒரு பெண் அப்படிப் பார்க்கமாட்டாள்.

அடியில் இன்னும் சில படங்கள் இருந்தன. பாலம், நீலப் பூக்கள், குடை... அதற்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் பால் கொட்டியது போல ஒரு மங்கல். அடுத்த படமும் மங்கல். எல்லாமே ஷியோரியின் படங்கள். ஒன்றில்கூட அவளுக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை.

அவன் திரும்பி வந்தான். அவள் கையில் படங்களைப் பார்த்ததும் காது வரை சிவந்து, கவரைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பைக்குள் திணித்தான்.

"இதெல்லாம்... சரியா வரலை," என்றான்.

"சரியா வந்ததும் இருக்கே," என்றாள் அவள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றாள். முடியவில்லை.

அவன் பதில் சொல்வதற்குள் கடையின் கதவு மணி ஒலித்தது.

"ரியோ, இங்கதான் இருக்கியா? கவரைக் கொண்டுவந்தியா?"

அதே குட்டை முடி, அதே கழுத்து. பெயர் மஹோ. ஒரு சின்ன நாடகக் குழுவில் நடிப்பவள், கல்லூரி நாளிலிருந்து பழக்கம் என்று அவன் அறிமுகப்படுத்தினான். ஷியோரியின் காதில் அதெல்லாம் சரியாக விழவில்லை. ரியோ... ரியோவாம். குடும்பப் பெயர் இல்லை, 'சான்' இல்லை. முழுப்பெயர்கூட இல்லை. ஒரு பருவம் முழுக்கத் தான் 'குவாஹாரா சான், குவாஹாரா சான்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது எவ்வளவு தூரத்திலிருந்து என்று இப்போதுதான் தெரிந்தது.

மஹோ மேசை மேலிருந்த லென்ஸைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். தன் மூஞ்சியை இத்தனை லட்சணமாகக் காட்டியது இதுதானா என்று கேட்டுச் சிரித்தாள். பற்கள் ஒரே வரிசையாக, அச்சில் வார்த்தது போல இருந்தன. ஷியோரியின் நாக்கு அவளை அறியாமல் தன் தெத்துப்பல்லைத் தடவியது.

மஹோ கவரை வாங்கிக்கொண்டு, போகும்போது அவன் தோளில் தட்டிவிட்டுப் போனாள். தட்டிய இடத்தையே ஷியோரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே லென்ஸை மாத்திக்க வேண்டாம், குவாஹாரா சான்."

அவன் திடுக்கிட்டான். "ஏன்? என்ன ஆச்சு?"

"நான் ஜெயிச்சது. என்கிட்டயே இருக்கட்டும். உங்களுக்கு வேணும்கிற படமெல்லாம்தான் எடுத்து முடிச்சுட்டீங்களே."

சொன்னதும், 'இல்லை, அப்படி இல்லை' என்று அவன் மறுப்பான் என எதிர்பார்த்தாள். அவன் மறுக்கவில்லை. அவனுக்கும் ரோஷம் இருந்தது. முகம் இறுகி, லென்ஸைத் துணியால் துடைத்து, மூடி போட்டு, அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"சரிதான். லென்ஸுக்காகத்தானே வந்துகிட்டு இருந்தீங்க."

முட்டை சாண்ட்விச் தொடாமல் கிடந்தது. அவள் எழுந்து மழைக்குள் நடந்தாள். குடை கையில்தான் இருந்தது. விரிக்கத் தோன்றவில்லை.

அதன் பிறகு ஷியோரி எழுதிய விலை அட்டைகளில் எழுத்துகள் தடித்துப்போயின. தர்பூசணி அட்டையைப் பார்த்துவிட்டு, வாங்க வருகிறவரை அடிக்கிற மாதிரி இருக்கிறதே என்று மேலாளர் கேட்டார். திருப்பி எழுதினாள். இன்னும் மோசமாக வந்தது.

லென்ஸ் முழுக்க முழுக்க அவளுடையதாகிவிட்டது. ஆனால் எங்கே கொண்டு போனாலும் அந்த இலைச் சுழலுக்கு நடுவில் மஹோ வந்து நின்றாள். கோயில் வாசலை எடுத்தால் மஹோ. தெருப்பூனையை எடுத்தால் மஹோ. பூனைக்கும் நீண்ட கழுத்து இருப்பது போலத் தெரிந்தது. இப்போது அவன் வேறு லென்ஸில் அவளை எடுத்துக்கொண்டிருப்பானோ... பார்லி டீ நிறத்தில் அவள் இன்னும் அழகாக இருப்பாளோ... தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. அவன் தனக்கு என்ன சொந்தம்? ஒன்றுமில்லை. ஒன்றும் இல்லாதவனுக்காகவா இவ்வளவு வயிற்றெரிச்சல்?

ஆகஸ்டில், கடையில் அவளுக்கு விடுப்பான ஒரு வார நாளில், பழைய துணி வாங்கப் போவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஷிமோகிதஸாவாவுக்குப் போனாள். நாடக அரங்குகள் நிறைந்த இடம் அது என்பது தெரியாதவள் இல்லை. ஒரு சந்தின் சுவரில் பார்த்துவிட்டாள். நாடகத்தின் சுவரொட்டி. மஹோவின் முகம், ஆள் உயரத்தில். அதைச் சுற்றிச் சுழலும் இலைகள். கீழே பொடி எழுத்தில், படம்: குவாஹாரா ரியோஹெய்.

எவ்வளவு நேரம் நின்றாளோ.

"நேர்ல இவ்வளவு நல்லா இருக்க மாட்டேன்ல?"

பக்கத்தில் மஹோ, கையில் சுவரொட்டிச் சுருளும் ஒட்டு நாடாவுமாக நின்றாள். ஓடிவிடலாமா என்று இருந்தது ஷியோரிக்கு. அந்தச் சந்தில் ஓட வழியில்லை.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். அதுதான் வலித்தது.

மஹோ சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "ஹினோ சான், ஒண்ணு சொல்றேன். உங்க மேல பிரியம் வந்து சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. இந்த வசந்தத்துல அவன்கிட்ட நான் கேட்டேன். பழகலாமான்னு. முடியாதுன்னுட்டான். அப்புறமும் படம் மட்டும் எடுத்துக் கொடுன்னு போய் நின்னேன். மானங்கெட்டுத்தான் நின்னேன். எடுத்தான். பார்த்தீங்கல்ல... பல் செட்டு மாதிரி எடுத்திருக்கான். ஒரு பிசிறு இல்லை."

ஷியோரி சுவரொட்டியை இன்னொரு தடவை பார்த்தாள்.

"அந்தக் கவர்ல உங்க படத்தையும் சேர்த்துக் கொடுத்துட்டான், அவசரத்துல. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடலை." மஹோ நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஏன்னு என்னைக் கேட்காதீங்க. அவனைக் கேளுங்க."

மங்கல் படங்களைப் பார்த்து இவள் எதற்குச் சாப்பிடாமல் இருக்க வேண்டும்... ரயிலில் வரும்போதெல்லாம் யோசித்தாள். பிடிபடவில்லை. பிடிபடாத கோபத்தில், வீட்டுக்குப் போகும் ரயிலுக்கு மாறாமல், அவன் வேலை பார்க்கும் நகானோவில் இறங்கினாள்.

பல் செய்யும் கூடம் ஒரு சலவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மதிய இடைவேளை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன் மட்டும் வெள்ளைக் கோட்டுடன், ஒரு ஒற்றைப் பல்லை இடுக்கியில் பிடித்து, அரிசி முனை தடிமனுள்ள தூரிகையால் எதையோ பூசிக்கொண்டிருந்தான். கை கல் மாதிரி நின்றது. அவளைப் பார்த்ததும் பல் கீழே விழுந்தது.

அவள் மூச்சு வாங்கியபடியே கேட்டாள்.

"அவங்களை மட்டும் அவ்வளவு தெளிவா எடுத்தீங்களே... என்னை ஏன் அப்படி எடுத்தீங்க? எனக்கு மூஞ்சி இல்லையா? இந்தப் பல்லு அசிங்கமா?"

அவன் குனிந்து பல்லைத் தேடினான். கிடைத்தது. மேசையில் வைத்தான்.

"சொல்லுங்க, குவாஹாரா சான். சொன்னா போயிடுவேன்."

"அந்த லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர்ற துவாரத்தை முழுசாத் திறந்தா..." என்று ஆரம்பித்தான். "முழுசாத் திறந்தாத்தான் இலையெல்லாம் நல்லா சுத்தும். ஆனா தெளிவு ஒரு இமை அளவுதான் நிக்கும். எடுக்கிறவன் ஒரு மூச்சு தப்பா விட்டாலும் போச்சு. மஹோவை எடுக்கும்போது நிதானமா மூச்சு விட்டு எடுத்தேன். தினமும் பல்லு செய்யற மாதிரி. உங்களை எடுக்கும்போது... வளையத்தைப் பிடிச்ச கையே என்னோடதா இல்லை, ஹினோ சான். ஒவ்வொரு தடவையும் தப்பிடுச்சு. எத்தனையோ பிலிம்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கீழே சலவை இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"கை நடுங்குறவன் பல்லு செய்யறேன்னு சொன்னா யார் நம்புவாங்க?" சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "நீங்க லென்ஸுக்காக வர்றீங்கன்னு நினைச்சேன். அதை நான் கெடுத்துக்க வேண்டாம்னு..."

"லென்ஸுக்காக," என்றாள் அவள். கண்ணில் நீர் முட்டியது. "ஒரு பாதி லென்ஸுக்காக எந்தப் பைத்தியமாவது ஞாயித்துக்கிழமை காலையில மழையில ரெண்டு ரயில் மாறி வருமா? எனக்கு அவங்க மேல பொறாமை. அவங்க உங்களை ரியோன்னு கூப்பிட்டது பொறாமை. தோள்ல தட்டினது பொறாமை. தெருவுல போற பூனையைப் பார்த்தாக்கூடப் பொறாமையா இருக்கு. எனக்கு இப்படி இருந்ததே இல்லை."

அவன் எழுந்து நின்றான். கோட்டெல்லாம் வெள்ளைப் பொடி. கைகளைக் கோட்டிலேயே துடைத்துக்கொண்டான். துடைத்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டான். இப்போது அவளும் பார்த்தாள். அந்த விரல்கள் உண்மையாகவே நடுங்கின.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்றான். "கூடையில கை வச்சப்பவே. ஷியோரி சான்... என்னோட பழகுவீங்களா?"

ஷியோரி சான்... அவள் பெயர் அவன் வாயில் இப்படி ஒலிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பதில் சொல்ல வாய் திறந்தாள். அழுகைதான் வந்தது. தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு அவன் நீட்டிய துணியை வாங்கி முகத்தைத் துடைத்தாள். அது பல் பூச்சுத் துணி. கன்னமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். வாயை மூடிக்கொள்ளாமல்.

கொஞ்சம் அடங்கியதும், அவன் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னான். மஹோவின் குழு இலையுதிர்காலத்தில் இன்னொரு நாடகம் போடுகிறது. அதற்கும் படம் கேட்டிருக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றான்.

ஷியோரி யோசித்தாள். சுவரொட்டியை ஒட்டிக்கொண்டே நாடாவைக் கடித்து அறுத்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நீண்ட கழுத்தும் கூடவே நினைவுக்கு வந்தது.

"எடுங்க," என்றாள். "நல்லாவே எடுத்துக் கொடுங்க. ஆனா நான் குடை பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நிப்பேன்."

"அன்னிக்கு மழை இல்லைன்னா?"

"இல்லைன்னாலும் பிடிப்பேன்."